புது சீசனுக்கு முன்னால்: ‘ஃபார் ஆல் மேன்கைண்ட்’ எதை மறுபடி பார்க்கலாம், வீட்டில் எப்படிப் போடலாம்?

ஆரம்பாக்கம்_மாடி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஆப்பிள் டிவியில் வரும் விண்வெளித் தொடர் ‘ஃபார் ஆல் மேன்கைண்ட்’ (நிலவுக்கு ரஷ்யா முதலில் போயிருந்தால் என்ற கற்பனைக் கதை) ஐந்தாவது சீசனை ஆவலோடு எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம். நாலு சீசனும் பார்த்து முடித்த வீடுதான். ஆனால் ஒவ்வொரு சீசனுக்கும் நடுவே இடைவெளி அதிகம் என்பதால் யார் யாருக்கு என்ன உறவு, யார் எந்தக் கட்சி என்பதெல்லாம் கலங்கிப் போயிருக்கிறது. மூன்று விஷயம் கேட்க வேண்டும்.

ஒன்று: சீசனுக்கு 10 என்று மொத்தம் 40 எபிசோட். அத்தனையும் மறுபடி பார்க்க நேரம் இல்லை. புதுசு புரிய எது எது கட்டாயம்?

இரண்டு: மொட்டை மாடியில் வேட்டி கட்டி ப்ரொஜெக்டரில் போடலாம் என்று திட்டம். செல்போனிலிருந்து மிரரிங் செய்தால் சத்தம் வருகிறது, படம் மட்டும் கறுப்பு. ப்ரொஜெக்டர் கெட்டுவிட்டதா?

மூன்று: ஒன்பதாவது படிக்கும் பையன் ஒரே கேள்வியாகக் கேட்கிறான்: “செவ்வாய்க்கு நினைத்த நேரத்தில் ஏன் கிளம்ப முடியாது? 26 மாசத்துக்கு ஒரு தடவைதான் வாய்ப்பு என்கிறார்களே, அந்த 26 மாசம் எங்கிருந்து வந்தது?” வாயால் சொன்னால் அவனுக்கு நிற்கவில்லை. கையால் செய்து காட்டுகிற மாதிரி ஏதாவது வழி இருக்கிறதா?

வீட்டில் மாமாவுக்குத் தமிழும் தெலுங்கும் வரும், இங்கிலீஷ் வேகமாகப் பேசினால் பிடிபடாது. அவரும் கூட உட்கார்ந்து பார்ப்பார்.

சூலூர்பேட்டை_கவுண்ட்டவுன்:

அக்கா, 40ம் வேண்டாம். 12 போதும். ஒன்று ஏறக்குறைய ஒரு மணி நேரம், வாரக் கடைசிக்கு நாலு என்று வைத்தால் மூன்று வாரத்தில் முடியும். (நாலு சீசனும் முடிக்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள், கதை முழுக்க உடையும்.)

முதல் சீசனில் 1, 5, 10. ஒன்றாவது இல்லாமல் எதுவும் நிற்காது: 1969 ஜூனில் அலெக்சி லியோனோவ் நிலவில் கால் வைக்கிறார், அமெரிக்கா இரண்டாவது. அந்த ஒரு தோல்வியிலிருந்துதான் மற்ற எல்லாம் கிளை விடுகிறது. ஐந்தாவதில் ஷாக்கிள்டன் பள்ளத்தில் பனிக்கட்டி கிடைக்கிறது. இதை மேலோட்டமாகப் பார்க்காதீர்கள். நிலவின் தென்துருவத்தில் நிஜமாகவே இருக்கும் பள்ளம் அது. விட்டம் சுமார் 21 கிலோமீட்டர், ஆழம் சுமார் 4 கிலோமீட்டர். சூரியன் அங்கே அடிவானத்தை ஒட்டியே சுற்றுவதால் பள்ளத்தின் அடியில் வெயில் விழுவதே இல்லை, விளிம்பில் மட்டும் வருஷத்தில் பெரும்பகுதி வெளிச்சம். அடியில் தண்ணீர், மேலே சோலார் மின்சாரம். தொடரில் அமெரிக்கா தன் ஜேம்ஸ்டவுன் நிலவுத் தளத்தை அங்கே கட்டியதற்குக் காரணம் அதுதான். நம்ம ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2008 அக்டோபர் 22இல் கிளம்பிய சந்திரயான்-1, அதே வருஷம் நவம்பர் 14இல் தன் மோதுகலத்தை இறக்கியது இந்த ஷாக்கிள்டனுக்குப் பக்கத்தில்தான். பையனுக்கு எபிசோடை நிறுத்தி இதைச் சொல்லுங்கள்.

பத்தாவதை முடித்ததும் அடுத்த எபிசோட் பட்டனை அழுத்திவிடாதீர்கள். பெயர்கள் ஓடி முடிந்தபிறகு ஒரு காட்சி இருக்கிறது: கடலுக்குள்ளிருந்து ஒரு ராக்கெட் எழும்பும். சீ டிராகன். ராபர்ட் ட்ரூவாக்ஸ் 1962இல் நிஜமாகவே போட்ட திட்டம், கட்டப்படவில்லை. உயரம் 150 மீட்டர், குறுக்களவு 23 மீட்டர், பூமியின் தாழ்வட்டப் பாதைக்கு 550 டன் சரக்கு தூக்கும். நாம் வீட்டு மாடியிலிருந்து பார்க்கும் இஸ்ரோவின் எல்.வி.எம்.3 ராக்கெட்டின் உயரம் 43.5 மீட்டர், கிளம்பும்போது மொத்த எடை 640 டன். அதாவது நம்ம ராக்கெட்டின் முழு எடையைக் கிட்டத்தட்ட நெருங்குகிறது சீ டிராகன் தூக்கும் சரக்கு மட்டும்! ஏவுதளம் தாங்காது என்பதால்தான் கடலில் மிதக்கவிட்டுக் கிளப்புவது.

இரண்டாவது சீசனில் 9, 10. விண்வெளி வீரர்கள் கோர்டோவும் டிரேசியும் விண்வெளி உடை இல்லாமல் உடம்பில் டேப் சுற்றிக்கொண்டு நிலவுத் தரையில் ஓடும் இடம் பத்தாவதில். “இப்படி நடக்குமா?” என்று பையன் கேட்பான். வெற்றிடத்தில் ஆள் உடனே வெடிக்க மாட்டார், உறைந்தும் போக மாட்டார். மூளைக்கு ஆக்சிஜன் நின்று 10-15 நொடியில் நினைவு போகும். 1966இல் நாசாவின் வெற்றிட அறையில் உடையின் குழாய் கழன்ற ஜிம் லெப்ளாங்க் சுமார் 14 நொடியில் மயங்கினார், காற்றைத் திரும்ப விட்டதும் பிழைத்தார். டேப் எதற்கு என்றால் உடம்பு வீங்காமல் இறுக்கிப் பிடிக்க. அந்த அளவுக்கு எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

மூன்றாவது சீசனில் 1, 4, 5, 10. முதல் எபிசோடில் சுழலும் விண்வெளி ஹோட்டலில் ஒரு உந்துபொறி நிற்காமல் எரிந்து சுழற்சி கூடிக்கொண்டே போகும். சுழற்சி இரண்டு மடங்கானால் எடை இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. கொஞ்ச நேரம் சமாளிக்கிற மாதிரி இருந்து சட்டென்று கைமீறிப் போவது அதனால்தான். 4 செவ்வாய்க்குப் போகும் வழி, 5 அங்கே இறங்குவது. 10 குண்டுவெடிப்பு, கெல்லி, மார்கோ. நான்காவது சீசனின் அரசியல் முழுக்க அங்கே ஆரம்பம்.

நான்காவதில் 5, 9, 10. இரிடியம் நிறைந்த சிறுகோளைப் பூமிக்குக் கொண்டுவருவதா, செவ்வாயோடு வைத்துக்கொள்வதா என்ற சண்டை. எஞ்சினை எத்தனை நிமிஷம் எரிப்பது என்பதில்தான் அந்தச் சீசனின் முடிச்சே கிடக்கிறது. இது சினிமாவுக்காகக் கட்டியது இல்லை. மங்கள்யான் 2014 செப்டம்பர் 24இல் செவ்வாயை அடைந்தபோது செய்ததும் இதே வேலை: 23 நிமிஷத்துக்கு மேல் எஞ்சினை எரித்து நொடிக்கு சுமார் 1,098 மீட்டர் வேகத்தைக் குறைத்தது. குறைவாக எரிந்திருந்தால் செவ்வாயைத் தாண்டிப் போயிருக்கும். அந்த எஞ்சின் அதற்கு முன்னால் 300 நாள் போல சும்மா கிடந்தது, இரண்டு நாள் முன்பு 4 நொடி மட்டும் எரித்துச் சோதித்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு பத்தாவது எபிசோடைப் பார்த்தால் அந்தக் கடைசி நிமிஷங்கள் வேறு மாதிரி இருக்கும்.

மாமாவுக்கு ஒரு முழுத்தாளில் உறவுமுறை எழுதி டிவி பக்கத்தில் ஒட்டுங்கள். எட்டு பெயர் போதும். எட் பால்ட்வின்: முதல் சீசனிலிருந்து இருக்கும் விண்வெளி வீரர், இப்போது தாத்தா. கெல்லி: எட் தத்தெடுத்த மகள், வியட்நாமில் பிறந்தவள். அலெக்ஸ்: கெல்லியின் பையன், அப்பா ரஷ்யர். டேனியல் பூல்: தளபதி. மார்கோ: நாசா பொறியாளர், ரஷ்யாவுக்குப் போனவர். அலெய்டா: மெக்சிகோவிலிருந்து சின்னப் பெண்ணாக வந்து மார்கோவிடம் வேலை கற்றவள். டெவ்: கம்பெனி முதலாளி. மைல்ஸ்: செவ்வாய்க்குக் கூலி வேலைக்குப் போனவன். கதை ஒவ்வொரு சீசனுக்கும் பத்து வருஷம் போல தாவுவதால் பெயருக்குப் பக்கத்தில் வயதையும் போட்டுவிடுங்கள். நரைத்த தலையைப் பார்த்து “இவர் யார் புதுசா?” என்ற கேள்வி வராது.

கும்மிடிப்பூண்டி_ஒயர்:

ப்ரொஜெக்டர் கெடலைங்க அக்கா. சத்தம் வந்து படம் கறுப்பா இருந்தா அது காப்புரிமைப் பூட்டு. ஓ.டி.டி. செயலிகள் மிரரிங்கைப் பிடிச்சதும் படத்தை மட்டும் நிறுத்திடும். போன் மாத்தினாலும் அதேதான்.

ஒயர் போட்டா சரியாகிடும்னு சொல்வாங்க. பாதிதான் உண்மை. எச்.டி.எம்.ஐ. வழியா போகும்போது ரெண்டு முனையும் எச்.டி.சி.பி.ன்னு ஒரு கைகுலுக்கல் பண்ணிக்கணும், அதாவது காப்புரிமை அனுமதி இருக்கான்னு ஒண்ணை ஒண்ணு சரிபார்த்துக்கணும். மலிவு ப்ரொஜெக்டர் சிலதுல அது இல்லை. நடுவுல மாட்டுற விலை கம்மி அடாப்டர்லயும் இல்லை. ஒரு கண்ணி இல்லைன்னாலும் திரை கறுப்பு, இல்லைன்னா “இந்தத் திரையில் இயக்க முடியாது”ன்னு வரும். இன்னொன்று, டைப்-சி ஓட்டை இருக்கிற எல்லா போனும் படத்தை வெளியே அனுப்பாது. டிஸ்ப்ளே போர்ட் வசதி உள்ள மாடலா இருக்கணும். அடாப்டர் வாங்குறதுக்கு முன்னாடி போனோட விவரப் பக்கத்துல அதைப் பாருங்க, காசு மிச்சம்.

சோதிக்கிற வரிசை இது. முதல்ல ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கையோ பெட்டியையோ வீட்டு டிவியில மாட்டி எபிசோட் ஓடுதான்னு பாருங்க. ஓடினா சந்தாவும் நெட்டும் சரி. அதே ஸ்டிக், அதே ஒயரை அப்படியே ப்ரொஜெக்டர்ல மாட்டுங்க. அங்க மட்டும் கறுப்புன்னா குறை ப்ரொஜெக்டர்ல. அதுக்கு ரிப்பேர் கிடையாது, செட்டிங்கும் கிடையாது. ப்ரொஜெக்டருக்குள்ளேயே செயலிக் கடை இருந்து, அதுல ஆப்பிள் டிவி செயலி முறையா கிடைச்சா மட்டும் ஒரு வழி.

ஆனா மனசுல பட்டதைச் சொல்றேன். இந்தத் தொடரை மாடியில போடாதீங்க. ஏன்னா இதுல பாதிக் காட்சி கறுப்பு வானம். ப்ரொஜெக்டருக்குக் கறுப்புன்னு ஒரு வெளிச்சம் கிடையாது. வெளிச்சம் விழாத இடத்துல துணி என்ன நிறமோ அதுதான் அதுக்குக் கறுப்பு. ஆரம்பாக்கத்துல ஹைவே விளக்கு, செக்போஸ்ட் விளக்கு எல்லாம் துணிமேல விழும். வானம் சாம்பல் நிறமா தெரியும், கப்பல் எது வானம் எதுன்னே பிரியாது. டப்பாமேல 9,000 லூமன்னு அச்சடிச்சிருக்கும், அதை நம்பாதீங்க. ஏ.என்.எஸ்.ஐ. லூமன் எவ்வளவுன்னு தனியா போட்டிருக்கும், அது 200, 300தான் இருக்கும்.

மாடிதான் வேணும்னா: 100 இஞ்ச் படத்துக்குத் துணி அகலம் 221 சென்டிமீட்டர், உயரம் 125 சென்டிமீட்டர். ஒற்றை வேட்டி போட்டா வெளிச்சம் ஊடுருவிப் போயிடும். ரெண்டு மடிப்பு, பின்னாடி ஒரு கறுப்புத் துணி. ஏரிக்காத்துக்குத் துணி பாய்மரம் மாதிரி உப்பும், அப்போ படத்தோட நடுவுல மட்டும் மங்கும். கீழ் ஓரத்தை மடிச்சுத் தைச்சு முக்கால் இஞ்ச் பி.வி.சி. பைப்பை நுழைச்சு, பைப்புக்குள்ள மணல் ரொப்பி ரெண்டு பக்கமும் மூடி போடுங்க. ப்ரொஜெக்டரைத் துணியோட நடுவுக்கு நேரா வைக்கப் பாருங்க. கீழே வைச்சு, படக் கோணலைச் சரிக்கட்டுற கீஸ்டோன் வசதியில நிமித்தினா எழுத்து மழுங்கும், சப்டைட்டில் படிக்கிற மாமாவுக்கு அதுதான் முதல் தொந்தரவு. சத்தத்துக்கு ப்ளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம், உதடு ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம் போகும். 3.5 எம்.எம். ஒயரே போதும்.

ஹால் டிவியில போடறதா இருந்தா மூணே மாத்தம். படத்தை வழவழன்னு காட்டுற மோஷன் வசதியை அணைங்க. சாம்சங்ல ஆட்டோ மோஷன் ப்ளஸ், எல்.ஜி.யில ட்ரூமோஷன், சோனியில மோஷன்ஃப்ளோன்னு இருக்கும். அது நொடிக்கு 24 படம்னு எடுத்ததுக்கு நடுவுல இல்லாத படத்தைச் சொருகும், ராக்கெட் காட்சி சீரியல் மாதிரி ஆகிடும். அடுத்து பிக்சர் மோடு சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர். மூணாவது, பேச்சு அமுங்கி எஞ்சின் சத்தம் மட்டும் கத்தினா ஆடியோவை ஸ்டீரியோவுக்கு மாத்துங்க. 5.1ங்கிற சுற்றுச் சத்த முறையில பேச்சுக்குன்னு நடு ஸ்பீக்கர் தனி. டிவியில அது கிடையாது, கலக்கும்போது பேச்சுதான் அடிபடும்.

ஒரு விஷயம். சந்தா வீட்டு ஆளுங்களுக்கு மட்டும். தெருவையே கூப்பிட்டு உட்கார வைக்கிறதோ, நூலகத்துல போடறதோ விதிப்படி கூடாது.

ஆரம்பாக்கம்_மாடி:

ரொம்ப நன்றி தம்பி. டிவியில் ஓடுகிறது, ப்ரொஜெக்டரில் அதே ஸ்டிக் கறுப்பு. ஆக, ஹால்தான். சினிமா மோடு வைத்தபிறகு படம் கொஞ்சம் இருட்டாகத் தெரிகிறதே, அப்படித்தான் இருக்குமா? செவ்வாய்க் கேள்விக்கு யாராவது சொல்லுங்கள், பையன் பக்கத்திலேயே நிற்கிறான்.

கும்மிடிப்பூண்டி_ஒயர்:

அப்படித்தான். ரெண்டு நாள்ல கண்ணு பழகிடும். பேக்லைட்டை வேணும்னா ஏத்துங்க. பிரைட்னஸ்னு இருக்கிறதைத் தொடாதீங்க, பல டிவியில அது கறுப்போட அளவு, ஏத்தினா வானம் வெளுக்கும். டியூப்லைட்டை அணைச்சிட்டு டிவிக்குப் பின்னாடி ஒரு சின்ன பல்பு போட்டா போதும். கரண்ட் போனா மோடத்துக்கு மினி யு.பி.எஸ். வைக்கறதா இருந்தா மோடத்தோட அடாப்டர்ல எழுதியிருக்கிற வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து வாங்குங்க. 12 வோல்ட் மோடத்துல 9 வோல்ட் மாட்டினா விளக்கு எரியும், நெட் விட்டுவிட்டு வரும். எல்லாரும் கம்பெனிக்குத்தான் புகார் போடுவாங்க.

பழவேற்காடு_துடுப்பு:

பையனுக்கு இரண்டு ஆணியும் ஒரு நூலும் போதும். அட்டைப்பெட்டியைப் பிரித்துக் கீழே போட்டு, மேலே ஒரு சார்ட் பேப்பர். அளவு: பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்போது செவ்வாயின் தூரம் 15.2 சென்டிமீட்டர்.

நடுவில் ஒரு ஆணி. அதுதான் சூரியன். அதை மையமாக வைத்து 10 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம், 15.2இல் ஒரு வட்டம். சூரிய ஆணியிலிருந்து வலப்பக்கம் சரியாக 5.2 சென்டிமீட்டர் தள்ளி இரண்டாவது ஆணி. நூலை வளையமாக முடிந்தால் வளையத்தின் மொத்தச் சுற்றளவு 30.4 சென்டிமீட்டர் வர வேண்டும். இரண்டு ஆணியையும் சுற்றி வளையத்தைப் போட்டு, பென்சிலால் விறைப்பாக இழுத்துக்கொண்டே சுற்றுங்கள். வருகிற நீள்வட்டம் இடது ஓரத்தில் பூமி வட்டத்தையும் வலது ஓரத்தில் செவ்வாய் வட்டத்தையும் தொட்டு நிற்கும். அந்த நீள்வட்டத்தின் பாதிதான் கப்பல் போகும் வழி.

தொடவில்லை என்றால் காரணம் மூன்றில் ஒன்று. தையல் நூல் இழுத்தால் நீளும், அதனால் வலை பின்னும் முறுக்கு நூல் நல்லது. ஒற்றை நைலான் நரம்பு வேண்டாம், முடிச்சு வழுக்கும். இரண்டாவது, முடிச்சே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தின்றுவிடும். முடிந்தபிறகு வளையத்தை இரண்டாக மடக்கி 15.2 வருகிறதா என்று அளங்கள். செவ்வாயின் ஆரமும் அதே 15.2 என்பதால் நினைவில் வைக்க எளிது. மூன்றாவது, குண்டூசி சாயும். முக்கால் இஞ்ச் ஆணி போடுங்கள்.

இனி நேரக் கணக்கு. இந்தப் பாதி நீள்வட்டத்தைக் கடக்க சுமார் 258 நாள். செவ்வாய் சூரியனை ஒரு முறை சுற்ற 687 நாள். ஆக, கப்பல் போகிற 258 நாளில் செவ்வாய் 135 டிகிரி நகர்ந்திருக்கும். கப்பல் வலது ஓரத்துக்கு வந்து சேரும்போது செவ்வாயும் அங்கே இருக்க வேண்டும். அப்படியானால் கிளம்பும் நாளில் செவ்வாய் அந்த இடத்துக்கு 135 டிகிரி பின்னால், அதாவது பூமிக்கு 45 டிகிரி முன்னால் இருக்க வேண்டும். பையனிடம் பாகைமானியைக் கொடுத்து அந்தப் புள்ளியை அவனையே வைக்கச் சொல்லுங்கள். சுற்றும் திசை கடிகாரத்துக்கு எதிர்த்திசை. பூமிக்கு ஒரு புளியங்கொட்டை, செவ்வாய்க்கு ஒரு குன்றிமணி வைத்து நகர்த்தினால் கண் முன்னால் நடக்கும்.

இந்த 45 டிகிரி அமைப்பு மறுபடி எப்போது வரும்? பூமி உள்வட்டத்தில் வேகமாக ஓடுகிறது, செவ்வாய் மெதுவாக. பூமி ஒரு முழுச் சுற்று கூடுதலாக ஓடிப் பிடிக்க 780 நாள். அதுதான் 26 மாசம்.

இத்தோடு நிறுத்தாதீர்கள், திரும்பி வருவதில்தான் விஷயமே இருக்கிறது. கப்பல் செவ்வாயைத் தொடும் நாளில் பூமி எங்கே என்று அவனை வைக்கச் சொல்லுங்கள். 258 நாளில் பூமி 254 டிகிரி ஓடி, செவ்வாயைவிட 75 டிகிரி முன்னால் போயிருக்கும். திரும்பக் கிளம்ப வேண்டுமானால் பூமி 75 டிகிரி பின்னால் இருக்க வேண்டும். அதற்குச் சுமார் 450 நாள் காத்திருக்க வேண்டும். போக 258, இருக்க 450, வர 258. மூன்றாவது சீசனில் உதவிக்கு ஆள் அனுப்பு என்று யாரும் சாதாரணமாகச் சொல்ல முடியாதது இதனால்தான். அங்கே மாட்டிக்கொண்டால் மாட்டிக்கொண்டதுதான்.

ஒரு திருத்தமும் சொல்லிவிடுங்கள். செவ்வாயின் பாதை நிஜத்தில் சரியான வட்டம் இல்லை. அதனால் எல்லா வாய்ப்பும் ஒரே மாதிரி அமையாது. மங்கள்யான் கிட்டத்தட்ட 300 நாள் எடுத்துக்கொண்டதும் அது பிடித்த வழி இதைவிட நீளம் என்பதால்.

தடா_ரோடு:

மேலே சொன்ன 12இல் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. இரண்டாவது சீசனின் முதல் எபிசோட், சூரியப் புயல் வருவது. 9, 10ஐ மட்டும் பார்த்தால் விண்வெளி வீராங்கனை மாலி காபுக்கு என்ன ஆனது, மூன்றாவது சீசனில் அவர் ஏன் அப்படி இருக்கிறார் என்பது புரியாது. நிலவுக்குக் காந்தப்புலமும் இல்லை, காற்றும் இல்லை, மறைவிடம் தேடி ஓடுவதைத் தவிர வழி இல்லை என்பதை அவ்வளவு அழகாகக் காட்டிய காட்சி வேறு எதிலும் இல்லை என்பேன். 13 ஆக்குங்கள்.

சந்தா கணக்கு: இரண்டாவது சீசனிலிருந்து வாரம் ஒரு எபிசோட் என்றுதான் விட்டிருக்கிறார்கள். பத்து எபிசோட் என்றால் முதலுக்கும் கடைசிக்கும் நடுவே 63 நாள். முதல் நாளே சேர்ந்தால் மூன்று மாசக் காசு. ஆறாவது எபிசோட் வரும் நாளில் சேர்ந்தால் அது 35ஆம் நாள், 30 நாள் சந்தா 65ஆம் நாள் வரை வரும், பத்தாவதும் அதற்குள் அடங்கும். ஆனால் பழைய 13ஐயும் அதே மாசத்தில் பார்க்க வேண்டியிருக்கும். அதோடு ஐந்து வாரம் யாரும் கதையைச் சொல்லாமல் இருக்க வேண்டும். எனக்கென்றால் காசு போனாலும் வாரா வாரம் பார்ப்பதுதான் சரி. ஒரு எபிசோடுக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஆறு நாள் பேசுவதற்கு இருக்கிறதே, இந்தத் தொடருக்கு அது பாதி ருசி.

சப்டைட்டில் மொழிப் பட்டியலை முதல் எபிசோடைத் திறந்து இப்போதே பார்த்துவிடுங்கள். மாமாவுக்கு வேண்டிய மொழி இல்லை என்றால், இங்கிலீஷ் எழுத்தைப் பெரிதாக்கிப் பின்னணியில் கறுப்புப் பட்டை வைத்துக்கொள்ளலாம். வெள்ளை எழுத்து நிலவுத் தரைமேல் விழுந்தால் ஒன்றும் தெரியாது.

சூலூர்பேட்டை_கவுண்ட்டவுன்:

தடா சொல்வது சரி, சூரியப் புயலைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பையனுக்கு இன்னொரு வேலை. தொடரில் செவ்வாய்ப் புழுதிப் புயல் வரும்போது ஆள் தள்ளாடுகிற மாதிரி இருந்தால் அவனிடம் கணக்குப் போடச் சொல்லுங்கள். செவ்வாயின் காற்று நம் காற்றைப்போல 1.6 சதவீதம் அடர்த்திதான். காற்றின் தள்ளுவிசை அடர்த்தியையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. 0.016க்கு வர்க்கமூலம் கிட்டத்தட்ட 0.13. ஆகவே அங்கே மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்று, இங்கே 13 கிலோமீட்டர் காற்று தள்ளுகிற அளவுக்குத்தான் தள்ளும். பழவேற்காட்டுச் சாயங்காலக் காற்றுகூட அதைவிடப் பலம். புயலின் நிஜமான ஆபத்து புழுதி: சோலார் தகடு மூடும், மூட்டுகளில் அரைக்கும், வெளிச்சம் போகும். தொடர் ஈர்ப்பைக் காட்டுவதிலும் ஒரு குறை இருக்கிறது. செவ்வாயில் எடை இங்கே உள்ளதில் 38 சதவீதம். 60 கிலோ ஆள் 23 கிலோ மாதிரி துள்ள வேண்டும். தளத்துக்குள் எல்லாரும் நம்மைப்போலவே நடக்கிறார்கள். படப்பிடிப்பில் அதைச் செய்வது கடினம் என்று புரிகிறது, ஆனாலும் ஐந்தாவது சீசனில் இதைக் கொஞ்சமாவது சரி செய்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஸ்ரீஹரிகோட்டாவில் அடுத்த ராக்கெட் கிளம்பும்போது அவனை மாடியில் நிறுத்துங்கள். பனைமரங்களுக்கு மேலே வெளிச்சம் தெரிந்த நொடியிலிருந்து எண்ணச் சொல்லுங்கள். சத்தம் வந்ததும் எண்ணிக்கையை மூன்றால் வகுத்தால் ஏவுதளம் எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். 75 நொடி என்றால் 25 கிலோமீட்டர். ஆனால் அந்த நேரத்துக்குள் ராக்கெட் நகர்ந்துவிடுவதால், முதலில் வரும் அந்த மெல்லிய உறுமலைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஜன்னல் அதிரும் வரை காத்திருந்தால் கணக்கு தப்பும்.

ஆரம்பாக்கம்_மாடி:

நூல் வட்டம் போட்டாயிற்று. முதல் தடவை செவ்வாய் வட்டத்தைத் தாண்டி வெளியே போனது, அளந்தால் வளையம் 31. மறுபடி முடிந்ததும் இரண்டு பக்கமும் தொட்டது. இப்போது அடுத்த கேள்வி: நான்காவது சீசனின் கடைசிக் காட்சி 2012இல் நடக்கிறதே, அந்த நேரத்தில் செவ்வாய்க்குக் கப்பல் போக நிஜத்தில் வாய்ப்பு இருந்ததா?

பழவேற்காடு_துடுப்பு:

இருந்தது. 2011 நவம்பர் கடைசி. கியூரியாசிட்டி நவம்பர் 26இல் கிளம்பி 2012 ஆகஸ்ட் 6இல் இறங்கியது. அடுத்தது 2013 நவம்பர்: அதில்தான் மங்கள்யான் 5ஆம் தேதியும் அமெரிக்காவின் மேவன் 18ஆம் தேதியும் கிளம்பின. அதனால் 2012இல் யாராவது பூமியிலிருந்து சாதாரண ராக்கெட்டில் “இப்போதே வருகிறேன்” என்று கிளம்பினால் அது இடிக்கும். தொடரில் எஞ்சின்கள் நம்முடையதைவிட முன்னேறியவை, பலமான எஞ்சின் இருந்தால் 45 டிகிரிக் கட்டுப்பாடு தளரும், அதை மட்டும் விட்டுக்கொடுங்கள். பழைய சீசனுக்கும் இதைப் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள்: மூன்றாவது சீசனில் 1996 என்றிருந்த பயணத்தை 1994க்கு இழுக்கிறார்கள், 1995க்கு இல்லை. நிஜத்திலும் 1994 கடைசியிலும் 1996 கடைசியிலும்தான் வாய்ப்பு.

சார்ட் பேப்பரைக் கிழிக்க வேண்டாம். புது சீசனில் ஒவ்வொரு தடவை கப்பல் கிளம்பும்போதும் தேதியைப் பார்த்துப் புளியங்கொட்டையை நகர்த்தச் சொல்லுங்கள்.